பழைய பெட்டியா, புதுப் பெட்டியா?

(பொங்கல் விழாவை ஒட்டி நடந்த நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால், கணக்குகளைச் சற்று விரிவாக எழுதித் தந்திருக்கிறேன்.)



பொருளாளர் பேச எழுந்தால் பராமரிப்புக் கட்டணம் ஏறப் போகிறது என்று அர்த்தம். அந்தப் பயம் உங்கள் முகத்தில் தெரிகிறது. இன்று கட்டணம் பற்றிப் பேசவில்லை. ஒரு மரப்பெட்டி பற்றிப் பேசப் போகிறேன்.

நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். வாத்தியங்களை அவரவர் வீட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பொது அறையில் வைத்துக்கொள்ள பேஸ் கிட்டாருக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் சங்கம் வாங்கித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு விலை வந்திருக்கிறது. புதுப் பெட்டி 42,000 ரூபாய். அதே ரகத்தில் ஒருவர் உபயோகித்த பெட்டி 18,000 ரூபாய். "சங்கப் பணத்தில் பழசு எதற்கு?" என்று சிலர். "பிள்ளைகள் விளையாட்டுக்குப் புதுசு எதற்கு?" என்று சிலர். இரண்டு கட்சிக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில், இந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பனமலை. மலை மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், கீழே ஏரி. ஊரில் கல்யாணமோ திருவிழாவோ என்றால் மைக் செட்காரர் வந்து, உயரமாக எதிலாவது இரண்டு கூம்புக் குழாயைக் கட்டிவிடுவார். 1976-இல் 'அன்னக்கிளி' பாட்டெல்லாம் நாங்கள் கேட்டது அந்தக் குழாயில்தான். அடுத்த ஊருக்கே கேட்கும். ஆனால் அந்தக் குழாயில் வராத ஒன்று உண்டு என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. திண்டிவனத்தில் பி.காம். படித்தபோது, ஒரு நண்பன் வீட்டில் பெரிய பெட்டி வைத்த ரேடியோகிராமில் இளையராஜா பாட்டு ஒன்றைக் கேட்டேன். அடியில் யாரோ தனியாக இன்னொரு பாட்டுப் பாடுவது மாதிரி இருந்தது. அதுதான் பேஸ் கிட்டார் என்றான் அவன். அத்தனை நாளும் பாட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது.

இதற்குக் காரணம் எளிது. சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பி அதில் பாதி, 41 முறை. அதிர்வு பாதியானால், அதே அளவு சத்தம் வருவதற்கு ஸ்பீக்கரின் கோன், அதாவது அந்தக் காகிதக் கூம்பு, நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதற்கு ஏற்ற ஸ்பீக்கர் வேண்டும், அதைத் தாங்கும் கெட்டியான பெட்டி வேண்டும். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெரிய மேடைக்குப் போதுமான சத்தத்தோடு அதைக் கேட்க வைக்க மற்றவர்களுக்கு வெகு காலம் பிடித்தது. 1969-இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் ஆம்ப்ளிஃபயரும், பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டியும் கொண்டுவந்தது. அந்தப் பெட்டியை 'ஃபிரிட்ஜ்' என்றே கூப்பிடுவார்கள். இன்றும் அந்த ரகம் அறுபது கிலோவுக்கு மேல். நம் லிஃப்ட் நிற்கும் நாளில் அதை மூன்றாவது மாடிக்கு யார் தூக்குவது என்பதையும் யோசியுங்கள்.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லாமல் நான் கணக்குச் சொன்னால் அது நேர்மையாகாது.

2006-இல் என் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பேஸ் கிட்டார் வைத்திருந்தான். புதுச்சேரியில் ஒருவர் ஊரைவிட்டுப் போவதால் தன் பேஸ் பெட்டியை 9,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்று வந்து சொன்னான். நான் வங்கிக்காரன். "பில் இருக்கா? கேரண்டி இருக்கா? யாரோ அடித்துத் துவைத்ததை நாம் ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்டேன். மறு வாரம் நானே அவனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், ஒரு கடையில் அதைவிடக் குறைந்த விலையில் புத்தம் புதிய பெட்டி வாங்கிக் கொடுத்தேன். பில், ஒரு வருட உத்தரவாதம், அட்டைப்பெட்டி எல்லாம் இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

நான்காவது மாதம் அது கரகரவென்றது. ஐந்தாவது மாதம் கோன் கிழிந்தது. கடைக்குக் கொண்டுபோனோம். தவறான உபயோகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பார்த்து வாசிக்கத் தெரியாதா? ஒரு பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாத உனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பெட்டி பரணுக்குப் போனது. கொஞ்ச நாளில் கிட்டாரும் போனது.

போன மாதம் இந்த விலை விசாரணைக்காக, நம் ஊரில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். ஒரு யோசனையில் அந்தப் பரண் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார், இது லீட் கிட்டார் பெட்டி. பின்பக்கம் திறந்து கிடக்கு பாருங்க. இதுல பேஸ் வாசிச்சா யார் வாசிச்சாலும் கிழியும். அஞ்சு மாசம் தாங்கினதே பெருசு" என்றார்.

பத்தொன்பது வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. தவறு வாசித்தவனிடம் இல்லை, வாங்கியவரிடம் இருந்தது. நான் பில்லைப் பார்த்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை.

அதனால் இன்று சொல்ல வந்தது இதுதான். பழையதா புதியதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தப் பொருளைச் சோதித்து வாங்க நமக்குத் தெரியுமா என்பது. தெரியும் என்றால் பழையதில் லாபம் இருக்கிறது. தெரியாது என்றால், அந்தத் தெரியாமைக்கு நாம் கட்டும் பிரீமியம்தான் புதுப்பெட்டியின் கூடுதல் விலை. சரியான புதுப்பெட்டியாகப் பார்த்து வாங்கவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு நானே சாட்சி.

கணக்குக்கு வருகிறேன்.

புதுப்பெட்டி 42,000. ஐந்து வருடம் கழித்து 17,000-க்குப் போகும் என்று வையுங்கள். நமக்குச் செலவு 25,000. வருடத்துக்கு 5,000.

பழைய பெட்டி 18,000. ரிப்பேருக்கு என்று 4,000 ஒதுக்குவோம். ஐந்து வருடம் கழித்து 12,000 வரும் என்றால் செலவு 10,000. வருடத்துக்கு 2,000.

வாங்கிய பிறகு உள்ளே இரண்டு ஸ்பீக்கருக்கும் காயில் போய்விட்டது என்று தெரிந்தால்? கோனும் காயிலும் மாற்ற இன்னொரு 10,000 என்று வையுங்கள். செலவு 20,000 ஆகிவிடும். வருடத்துக்கு 4,000. புதியதைவிட ஆயிரம் ரூபாய்தான் மிச்சம். உத்தரவாதமும் கிடையாது, அலைச்சலும் நமக்கு. பெட்டியே தண்ணீரில் ஊறியது என்றால் போட்டது மொத்தமும் போய், மறுபடி 42,000 எடுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதைப் பெற்றோர்கள் கவனியுங்கள். பிள்ளை ஒரு வருடத்தில் வாசிப்பை விட்டுவிட்டால்? வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு வருடத் தேய்மானம் 15 சதவீதம். அந்தக் கணக்கில் 42,000 ரூபாய்ப் பெட்டி ஒரு வருடத்தில் 35,700 ஆக நிற்க வேண்டும். சந்தை அப்படி நினைப்பதில்லை. அட்டைப்பெட்டி பிரித்த பொருளுக்கு 27,000 கேட்டாலே பேரம் பேசுவார்கள். நஷ்டம் 15,000. பழைய பெட்டியின் முதல் அடியை ஏற்கெனவே வேறொருவர் வாங்கிக்கொண்டுவிட்டார். அதை ஒரு வருடம் கழித்து விற்றால் இரண்டாயிரம், மூவாயிரம் நஷ்டத்தோடு தப்பிக்கலாம். ஆரம்ப நிலைப் பிள்ளைக்குத் தனியாக வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

இந்தத் தொகைகள் நான் விசாரித்த விலையை வைத்துப் போட்ட உத்தேசம். உங்களுக்குக் கிடைக்கும் விலையைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பழையதின் விலையும் ரிப்பேர் ஒதுக்கீடும் சேர்ந்து புதிய விலையில் பாதியை ஒட்டி நின்றால் யோசிக்கலாம். முக்கால் பங்குக்குப் போனால் புதியதே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, சோதிப்பது எப்படி. வங்கியில் நகைக் கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் உரைக்காமல் விடமாட்டார். ஸ்பீக்கர் பெட்டிக்கும் அப்படிச் சில உரைகல் உண்டு. மெக்கானிக் சொல்லிக் கொடுத்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மரம். நல்ல பெட்டி பிளைவுட்டில் இருக்கும். விலை குறைந்தவை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதும், நம் மாவட்டமே வெள்ளத்தில் நின்றதும் யாரும் மறக்கவில்லை. அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் மட்டுமா போயிற்று? மைக் செட் கிடங்குகளிலும் போயிற்று. மெக்கானிக் ஒரு பெட்டியைக் காட்டினார். வெளியே புதிதாகக் கறுப்புத் துணி ஒட்டிப் பளபளவென்று இருந்தது. அடிப்பலகையின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்ததும் நனைந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. ஆகவே பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூலைகள் உப்பியிருக்கிறதா, திருகுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத் துவாரம் இருந்தால் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, மூக்கையும் வைத்துப் பாருங்கள். பூஞ்சை வாசம் பொய் சொல்லாது. புதிதாகத் துணி ஒட்டியோ பெயின்ட் அடித்தோ இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது கோன். முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோனின் ஓர வளையம் ஸ்பாஞ்சில் செய்ததாக இருந்தால், வயதாக ஆகப் பொடிந்து உதிரும். மடிப்பு மடிப்பாகத் துணியில் செய்ததாக இருந்தால் நீண்ட நாள் வரும். இரண்டு கை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மணலில் தேய்ப்பது போல் 'சரக் சரக்' என்றால் காயில் உரசுகிறது, அதற்குச் செலவு உண்டு.

மூன்றாவது மீட்டர். நம் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்டிமீட்டர் போதும். எட்டு ஓம் பெட்டி சுமார் ஆறு காட்டும், நான்கு ஓம் பெட்டி சுமார் மூன்று காட்டும். இது சரி, பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது ஒயர் விட்டிருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரை இணையாகச் சேர்த்த எட்டு ஓம் பெட்டி பன்னிரண்டு காட்டினால், இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. மற்றொன்று மட்டும் கத்திக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு உடனே தெரியாது.

நான்காவது, இந்த ஓம் கணக்கு ஆம்ப்ளிஃபயரோடு பொருந்துகிறதா. எட்டு ஓம் பெட்டி இரண்டை இணையாகப் போட்டால் நான்கு ஓம். நான்கு ஓம் பெட்டி இரண்டைப் போட்டால் இரண்டு ஓம். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் நான்குக்குக் கீழே போனால் சூடேறும், சிலது புகையும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு பெட்டி, பின்னால் இன்னொன்று என்று திட்டம் இருந்தால், எட்டு ஓம் பெட்டியாக வாங்குவதே வசதி. வாட் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் பெரிதாக எழுதியிருப்பது கண நேரத்துக்குத் தாங்கும் உச்ச அளவாக இருக்கலாம். தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைக் கேளுங்கள்.

ஐந்தாவது, வாசித்துப் பார்ப்பது. நம் பிள்ளையையே அவன் கிட்டாரோடு கூட்டிப் போங்கள். தாழ்ந்த கம்பியில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக, முதலில் மெதுவாக, பிறகு சத்தத்தைக் கூட்டி வாசிக்கட்டும். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி 'டர்ர்' என்றால் அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அது தளர்ந்த திருகோ கைப்பிடியோதான், பத்து ரூபாய் வேலை. நிற்கவில்லை என்றால் ஸ்பீக்கரில் கோளாறு இருக்கலாம். அதுவரை விலை பேசாதீர்கள்.

இந்த ஐந்தும் தேறினால், பழைய பெட்டியைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. காரில் இருப்பது போலத் தேய்கிற பாகங்கள் இதில் அதிகம் இல்லை. நன்றாகக் கட்டி, நனையாமல், சக்திக்கு மீறி அலற வைக்காமல் வைத்திருந்தால் பல வருடம் உழைக்கும். பனமலைக் கோயிலில் 1300 வருடப் பழைய தேவி ஓவியம் ஒன்று இருக்கிறது. சுவரில் மற்ற இடங்களில் எல்லாம் அழிந்துபோய், அந்த உருவம் இன்னும் நிற்கிறது. வயதைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே வயதுதான். எது தாங்கியிருக்கிறது என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். புதியது என்றால் 1842-இல் தொடங்கிய, சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற வாத்தியக் கடைகள். பழையதற்கு, பாடற்குழு வைத்திருக்கும் தேவாலயங்களிலும், புதுச்சேரி, ஆரோவில் பக்கம் வாசிப்பவர்களிடமும் சொல்லி வைக்கலாம். உதிரி பாகத்துக்கு ரிச்சி தெரு. எதுவானாலும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்துக்குள் வாங்குங்கள். கனமான பெட்டியை முன்பின் பார்க்காமல் பார்சலில் வரவழைத்தால் வண்டி வாடகையும் வம்பும் சேர்ந்து வரும்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் சார்பில் ஒரு வார்த்தை. 41 அதிர்வில் வரும் ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அது கதவைச் சாத்தினால் நிற்காது, சுவர் வழியாகவும் தரை வழியாகவும் போகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. ஆகவே நமக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றோ, பத்து அங்குலம் இரண்டோ வைத்த பெட்டி நம் பொது அறைக்குத் தாராளம். அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் ஹெட்போனில்தான் வாசிப்பு. பிள்ளைகள் இதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை இது. பழைய பெட்டியைப் பார்க்கப் பிள்ளைகளில் ஒருவர், மெக்கானிக், நான் என மூன்று பேர் போகிறோம். ஐந்து சோதனையும் தேறினால், விற்பவரிடம் தேதி, தொகை, பெட்டியின் எண் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 18,000-க்குள் முடிக்கிறோம். ஒன்று தேறாவிட்டாலும் வெறுங்கையோடு வருகிறோம். இரண்டு மாதத்துக்குள் நல்லது கிடைக்கவில்லை என்றால் புதியதை வாங்குகிறோம். பெட்டி சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறும். உடைந்தால், யார் வாசித்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால் ஏன் உடைந்தது என்று கேட்போம். இந்தக் கடைசி விதியைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னது நான்தான்.

மெக்கானிக் கடையிலிருந்து வந்த அன்று இரவு என் மகனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பெட்டி கிழிந்ததற்கு நீ காரணம் இல்லப்பா. நான் வாங்கினது தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "கிட்டார் இன்னும் பரண்லதான் இருக்காப்பா?" என்று கேட்டான்.

இருக்கிறது. இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். கம்பி மட்டும் மாற்ற வேண்டும்.

தீர்மானத்துக்கு உங்கள் ஆதரவைக் கேட்டு அமர்கிறேன்.